அம்மாவுக்கு ஓர் ஆசை... ஆபரேஷன் வரை போகலாமா?

சின்னவனுக்குப் பால் மறக்கடித்து ஒரு வருஷம் ஓடிவிட்டது. கொழுந்தனார் கல்யாணத்துக்குக் கட்டிக்கொள்ளலாமே என்று பீரோவின் அடித்தட்டிலிருந்து முகூர்த்தப் புடவையையும், அதற்குத் தைத்த பிளவுஸையும் எடுக்கிறீர்கள். போட்டுப் பார்த்தால்... கையில் இறுக்கிப் பிடிக்கிறது. மார்பிலோ தொளதொள! கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கிறீர்கள். 'இது நம்ம உடம்புதானா?' என்று ஒரு கேள்வி எழுகிறது.

யாரிடம் போய்ச் சொல்ல? அம்மாவிடம் சொன்னால், "ரெண்டு பெத்தாச்சு. இனிமே என்னடி அழகு வேண்டிக் கிடக்கு?" என்பார். கணவர் ஒன்று சிரிப்பார்; இல்லாவிட்டால் சங்கடப்பட்டு பேச்சை மாற்றுவார். டாக்டரம்மாவிடம் கேட்கவும் கூச்சம். கடைசியில், 'காலையில் வாங்க, சாயங்காலம் வீட்டுக்குப் போங்க' என்கிற விளம்பரம் மட்டும்தான் உங்களோடு மனம் விட்டுப் பேசுகிறது!

இந்த ஆசையைக் கேலி செய்ய யாருக்கும் உரிமை கிடையாது. தலைக்குச் சாயம் பூசுகிறோம், எடுப்பான பல்லுக்குக் கிளிப் மாட்டுகிறோம். மார்பு என்றதும் மட்டும் ஏன் முகம் சுளிக்க வேண்டும்? ஆனால், சாயம் பிடிக்காவிட்டால் நாலு தடவை அலசினால் போகும். இது அப்படியில்லை. அதனால் முடிவு எடுப்பதற்கு முன் கொஞ்சம் உட்கார்ந்து பேசலாம், வாருங்கள்.

ஆறு பிள்ளைகளின் தாய்!

இந்த ஆபரேஷனின் கதையே ஓர் அம்மாவிடமிருந்துதான் ஆரம்பிக்கிறது. 1962. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரம். டிம்மி ஜீன் லிண்ட்சே என்ற பெண், மார்பில் குத்தியிருந்த பச்சையை எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனார். ஆறு குழந்தைகளைப் பெற்றவர், விவாகரத்து ஆனவர், வசதி இல்லாதவர். அப்போது தாமஸ் க்ரோனின், ஃபிராங்க் ஜெரோ என்ற இரண்டு டாக்டர்கள், சிலிக்கோன் ஜெல் நிரப்பிய ஒரு பையைச் செய்து வைத்திருந்தார்கள். ரத்தம் அடைத்த பிளாஸ்டிக் பையைக் கையில் அமுக்கிப் பார்த்தபோதுதான் ஜெரோவுக்கு அந்த யோசனை தோன்றியதாம். எஸ்மரால்டா என்ற ஒரு நாய்க்கு வைத்துச் சோதித்தும் பார்த்திருந்தார்கள். அடுத்து, மனுஷியிடம் வைத்துப் பார்க்க வேண்டும்.

"உங்களுக்கு வைக்கட்டுமா?" என்று டிம்மியிடம் கேட்டார்கள். அவருக்கோ மார்பைப் பற்றிக் கவலையே இல்லை! அவரை உறுத்திக்கொண்டிருந்தது, வெளியே நீட்டிக்கொண்டிருந்த காதுகள்தான். காதையும் சரிசெய்து தருவதாக டாக்டர்கள் சொன்ன பிறகு தலையாட்டினார். இப்படித்தான் உலகத்தின் முதல் சிலிக்கோன் ஜெல் மார்பக ஆபரேஷன் நடந்தது. பல பத்தாண்டுகள் கழித்துப் பத்திரிகைக்காரர்கள் தேடிப் போனபோதும் அந்தப் பைகள் அவர் உடம்பிலேயே இருந்தன.

அவர் கேட்டது காது. சேர்ந்து கிடைத்தது மார்பு. இந்தக் கதையை மனசில் வைத்துக் கொள்ளுங்கள். கடைசியில் திரும்பவும் இதற்கு வருவோம்.

பழியைப் பால் மேல் போடாதீர்கள்

"பால் கொடுத்துக் கொடுத்துத்தான் இப்படி ஆயிடுச்சு" என்று எத்தனை பேர் சொல்கிறார்கள்! பெரியவர்கள் சிலரே, "ரொம்ப நாள் கொடுக்காதே, தொங்கிடும்" என்று இளம் தாய்மார்களைப் பயமுறுத்துவதும் உண்டு.

அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகத்து பிளாஸ்டிக் சர்ஜன்கள் இதை ஆராய்ந்து 2008-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தாய்ப்பால் கொடுத்ததற்கும் மார்பு சரிவதற்கும் சம்பந்தம் இல்லை என்பதே அவர்கள் கண்டது. எத்தனை முறை கர்ப்பம் தரித்தார், வயது என்ன, உடல் எடை எவ்வளவு, சிகரெட் பழக்கம் உண்டா, முன்பே மார்பு பெரிதாக இருந்ததா... இவைதான் காரணங்களாகத் தெரிந்தன.

நடப்பது இதுதான்: கர்ப்பத்தின்போதே பால் சுரப்பிகள் பெருக்கின்றன. தோலும், உள்ளே தாங்கிப் பிடிக்கும் நார்களும் அதற்கேற்ப இழுபடுகின்றன. பால் நின்றதும் சுரப்பிகள் சுருங்கிவிடும். இழுபட்ட தோல் அதே வேகத்தில் சுருங்காது. குழந்தைக்குப் பால் கொடுத்தாலும், கொடுக்காவிட்டாலும் இதுதான் கதி. ஆகவே, அடுத்த பிள்ளைக்குப் பாலைக் குறைத்து மார்பைக் காப்பாற்றிவிடலாம் என்று நினைத்தால், குழந்தைக்கு நஷ்டம், உங்களுக்கும் லாபமில்லை.

இன்னொரு விஷயம். பால் நிறுத்திய மறு மாதமே கண்ணாடியைப் பார்த்து மனம் ஒடிய வேண்டாம். வடிவம் ஒரு நிலைக்கு வர ஆறு மாதம்கூட ஆகலாம். அதுவரை பொறுங்கள். விளம்பரத்தில் வரும் கிரீம், மாத்திரை, பம்ப் இவற்றால் மார்பு நிரந்தரமாகப் பெரிதாகாது. உடற்பயிற்சி, மார்புக்குக் கீழே இருக்கும் தசையை உறுதியாக்கும். மார்பின் அளவை ஏற்றாது. சரியான அளவில் ஒரு பிரா வாங்கிப் போட்டுக்கொண்டதும் பாதிக் குறை தீர்ந்துபோகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஆபரேஷனில் என்னதான் செய்கிறார்கள்?

பெரும்பாலும் முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்கிறார்கள். மார்பின் அடி மடிப்பிலோ, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் ஓரத்திலோ, அக்குளிலோ கீறி, மார்புச் சுரப்பிக்கு அடியில் அல்லது அதற்கும் கீழே தசைக்கு அடியில் ஓர் இடம் உண்டாக்கி, 'இம்ப்ளான்ட்' எனும் பையை வைத்துத் தைத்துவிடுவார்கள். இரண்டு வகையிலும் பையின் மேலுறை சிலிக்கோன்தான். உள்ளே சிலிக்கோன் ஜெல் இருக்கலாம், அல்லது உப்பு நீர் இருக்கலாம்.

நம் உடம்பிலிருந்தே, வயிறு, தொடைப் பக்கமிருந்து கொழுப்பை உறிஞ்சி மார்பில் செலுத்தும் முறையும் உண்டு. அந்நியப் பொருள் இல்லை என்பது அதில் நிம்மதி. ஆனால் செலுத்திய கொழுப்பில் ஒரு பகுதியை உடம்பு கரைத்துவிடும். ஓரளவுக்குத்தான் பெரிதாக்க முடியும். மறுபடி செய்ய வேண்டியும் வரலாம்.

இங்கேதான் பல அம்மாக்கள் ஏமாந்து போகிறார்கள். பை வைப்பது அளவைக் கூட்டும். சரிந்ததைத் தூக்கி நிறுத்தாது! காம்பு மார்பின் அடி மடிப்புக்கும் கீழே இறங்கியிருந்தால், தேவைப்படுவது 'லிஃப்ட்' என்கிற வேறு ஆபரேஷன். அதில் மிச்சத் தோலை வெட்டி எடுத்துத் தைப்பார்கள்; தழும்பும் அதிகம். உங்கள் குறை அளவா, சரிவா என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

ஒரு தடவையோடு முடிந்துவிடுமா?

முடியாது. இதுதான் இந்தக் கட்டுரையில் நீங்கள் அடிக்கோடு போட வேண்டிய இடம்.

இம்ப்ளான்ட் ஆயுள் முழுக்க இருக்கும் சாமான் இல்லை. அமெரிக்க அரசின் உணவு மற்றும் மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. சொல்கிற கணக்கு: பெரிதாக்கும் ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 100-க்கு 20 பேர் வரை, 8 முதல் 10 வருஷத்துக்குள் பையை வெளியே எடுக்க வேண்டி வருகிறது. முப்பது வயதில் வைத்துக்கொண்டால், மகள் காலேஜ் போகும்போது உங்களுக்கு இன்னொரு ஆபரேஷன் என்று வைத்துக் கொள்ளுங்களேன்!

ஏன் எடுக்க வேண்டி வருகிறது? உடம்புக்குள் எந்த வெளிப்பொருள் போனாலும், அதைச் சுற்றி ஒரு தழும்பு உறை உண்டாகும். சிலருக்கு இந்த உறை தடித்துச் சுருங்கிப் பையை நெரிக்கும். மார்பு கல் போல ஆகி, வலிக்கும், கோணலாகும். பை கிழிவது இன்னொரு காரணம். உப்பு நீர்ப் பை கிழிந்தால் மார்பு வற்றிப் போய் உடனே காட்டிக் கொடுத்துவிடும். ஜெல் பையோ சத்தமில்லாமல் கிழியும். வெளியே ஒன்றும் தெரியாது. அதனால்தான் ஜெல் பை வைத்தவர்கள், 5 அல்லது 6 வருஷத்தில் ஒருமுறையும், பிறகு 2 அல்லது 3 வருஷத்துக்கு ஒருமுறையும் எம்.ஆர்.ஐ. அல்லது அல்ட்ரா சவுண்ட் ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள்.

இவை தவிர, எல்லா ஆபரேஷனிலும் இருக்கிற ரத்தக்கசிவு, சீழ் பிடித்தல் போன்ற தொல்லைகள் உண்டு. காம்பில் உணர்ச்சி குறைவதும் உண்டு. 'பிடிக்கலேன்னா எடுத்துட்டாப் போச்சு' என்று லேசாக நினைக்காதீர்கள். பையை எடுத்தபின் மார்பு பழையபடி ஆகிவிடாது. தோல் இன்னும் தளர்ந்து, குழி விழுந்து நிற்கலாம்.

பயமுறுத்த இல்லை, தெரிந்துகொள்ள!

டிம்மிக்குப் பிறகு இந்தப் பைகள் உலகெங்கும் லட்சக்கணக்கில் விற்றன. மூட்டு வலி, சோர்வு, உடம்பு தன்னையே தாக்கும் நோய்கள் என்று பல பெண்கள் புகார் செய்தார்கள். 'பாதுகாப்புக்குப் போதிய ஆதாரம் காட்டவில்லை' என்று, 1992-ல் எஃப்.டி.ஏ., அழகுக்காக ஜெல் பை வைப்பதை நிறுத்தி வைத்தது. புற்றுநோயால் மார்பை இழந்தவர்களுக்கு மட்டும், ஆய்வின் கண்காணிப்பில் அனுமதித்தது. 1999-ல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் பெரிய அறிக்கை, அந்த நோய்களுக்கு இந்தப் பைகள்தான் காரணம் என்று காட்ட ஆதாரம் இல்லை என்றது. 2006-ல் ஜெல் பைகள் மறுபடி வந்தன. அழகுக்காக என்றால் 22 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

அதோடு கதை முடிந்ததா? இல்லை. 2010-ல் ஃபிரான்சில் பி.ஐ.பி. என்ற கம்பெனி பிடிபட்டது. மருத்துவத்துக்கான சிலிக்கோனுக்குப் பதிலாக, தொழிற்சாலைகளில் பயன்படும் மலிவுச் சிலிக்கோனை நிரப்பி விற்றிருந்தார்கள். பல நாடுகளில் லட்சக்கணக்கான பெண்களின் உடம்புக்குள் அது இருந்தது! ஃபிரான்சில் மட்டும் 30,000 பெண்களைப் பையை எடுத்துவிடும்படி 2011-ல் அரசாங்கமே சொன்னது. கம்பெனி முதலாளிக்கு 2013-ல் 4 வருஷம் ஜெயில் தண்டனை விதித்தார்கள்.

அடுத்தது, ஓர் அபூர்வமான புற்றுநோய். பையைச் சுற்றியுள்ள உறையில் தோன்றுவது. மார்புப் புற்றுநோய் இல்லை. நிணநீர் மண்டலத்தைச் சேர்ந்தது. 2016-ல் உலக சுகாதார நிறுவனம் இதைத் தனி நோயாக ஏற்றது. மேற்புறம் சொரசொரப்பான பைகள் வைத்தவர்களிடம்தான் பெரும்பாலும் காணப்பட்டது. அதனால் 2019-ல் ஒரு பெரிய கம்பெனி தன் சொரசொரப்புப் பைகளை உலகம் முழுவதும் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. பை வைத்துப் பல வருஷம் கழித்து ஒரு பக்கம் திடீரென வீங்கினால், நீர் கோத்தால், 'சுளுக்கு' என்று எண்ணெய் தடவிக் கொண்டிருக்காமல் டாக்டரிடம் ஓட வேண்டும். சீக்கிரம் கண்டுபிடித்துப் பையையும் உறையையும் எடுத்துவிட்டால் பெரும்பாலோர் குணமாகிறார்கள்.

சோர்வு, மறதி, மூட்டு வலி என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்ட பின் 'தேவலை' என்கிற பெண்களும் நிறைய. இதன் காரணம் இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. ஆனால் அவர்கள் பேச்சை ஒதுக்கிவிட முடியாது. 2021 முதல் அமெரிக்காவில், ஆபரேஷனுக்கு முன்பே இந்த அபாயங்கள் எல்லாவற்றையும் பட்டியல் போட்டு அந்தப் பெண்ணிடம் படிக்கக் கொடுத்தாக வேண்டும் என்று விதி செய்துவிட்டார்கள்.

அடுத்த குழந்தை? பால்? பரிசோதனை?

'இன்னொண்ணு பெத்துக்கலாமா' என்ற பேச்சு வீட்டில் இருக்கிறதா? அப்படியானால் ஆபரேஷனைத் தள்ளிப் போடுங்கள். அடுத்த கர்ப்பம் மறுபடி வடிவத்தை மாற்றும். செலவும் வலியும் வீண்.

பை வைத்தவர்கள் பிள்ளைக்குப் பால் கொடுக்கக் கூடாது என்று ஒன்றும் இல்லை. பலரும் கொடுக்கிறார்கள். ஆனால் சிலருக்குப் பால் குறையலாம். கருவட்டத்தின் ஓரம் கீறினால், பால் நாளங்களும் நரம்புகளும் அடிபட வாய்ப்பு அதிகம். பின்னால் பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால், இதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மேமோகிராம் எடுக்கும்போது பை ஓரளவு மறைக்கும். எனவே பையைப் பின்னால் தள்ளிக் கூடுதல் படங்கள் எடுப்பார்கள். பை இருப்பதை அங்கே மறைக்கக் கூடாது! கூச்சப்பட்டுச் சொல்லாமல் விட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். நாற்பதைத் தாண்டியவர்களும், அம்மா, அக்கா, தங்கைக்கு மார்புப் புற்றுநோய் வந்தவர்களும், ஆபரேஷனுக்கு முன்னரே பரிசோதனையைப் பற்றி டாக்டரிடம் பேசிவிட வேண்டும்.

வீட்டுக் கணக்கு

விளம்பரம் சொல்கிறபடி அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிடலாம், நிஜம்தான். ஆனால் வந்த பிறகு? நாலைந்து வாரத்துக்குக் கனமான எதையும் தூக்கக் கூடாது. தண்ணீர்க் குடம் ஆகாது. கிரைண்டர் கல்லைத் தூக்க முடியாது. ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, "அம்மா தூக்கு" என்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடி வருமே ஒரு சின்னது... அதைத் தூக்க முடியாது! அந்த வாரங்களில் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று முடிவு செய்யாமல் தேதி வாங்காதீர்கள். 'கர்ப்பப்பையில ஒரு சின்ன ஆபரேஷன்' என்று பொய் சொல்லிவிட்டுப் போகலாம் என்று சிலர் நினைப்பதுண்டு. காய்ச்சல் வந்து, தையல் சிவந்து நிற்கிற ராத்திரியில் விவரம் தெரிந்த ஒருவராவது வீட்டில் இருக்க வேண்டாமா?

அடுத்து பணம். அழகுக்காகச் செய்யும் பிளாஸ்டிக் சர்ஜரியை நம் நாட்டு மெடிக்ளெய்ம் பாலிசிகள் பொதுவாக ஏற்பதில்லை. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகு செய்யும் சீரமைப்பு என்றால் கதை வேறு. முதல் ஆபரேஷன் செலவோடு, பின்னால் வரும் ஸ்கேன், பையை மாற்றும் அல்லது எடுக்கும் ஆபரேஷன் ஆகியவற்றையும் கூட்டிப் பாருங்கள். கடன் வாங்கியோ, மகள் பேரில் போட்ட டெபாசிட்டை உடைத்தோ செய்கிற காரியமா என்பது அப்போது தெரிந்துவிடும்.

அரசு ஆஸ்பத்திரியில் இதெல்லாம் உண்டா என்று கேட்கலாம். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில், 2018-ல் மார்பகச் சீரமைப்புக்கென்று இலவசச் சிகிச்சைப் பிரிவு ஒன்றை அரசு தொடங்கியது. புற்றுநோயால் மார்பை இழந்தவர்களுக்கு மட்டுமின்றி, அளவைக் கூட்டவோ குறைக்கவோ விரும்புகிறவர்களுக்கும் என்று அறிவித்தார்கள். 'ஏழைக்கு எதற்கு இந்த ஆடம்பரம்?' என்று ஒரு பக்கமும், 'ஏழை மனசும் மனசுதானே!' என்று இன்னொரு பக்கமும் அப்போது விவாதம் நடந்தது. ஒரு மார்பை முழுக்க இழந்தவருக்கோ, பிறவியிலேயே ஒரு பக்கம் வளராதவருக்கோ இந்தச் சிகிச்சை வாழ்க்கையையே திருப்பிக் கொடுக்கும். அதை வெறும் 'அழகு' என்று சொல்லிவிட முடியாது.

யாருக்காக?

இப்போது மறுபடி ஹூஸ்டனுக்கு வருவோம். டிம்மியை உறுத்தியது காது. அவர் ஆறு பிள்ளைகளின் தாயாக, வசதி இல்லாதவராக ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது, மற்றவர்களுக்குத் தேவைப்பட்டது அவருடைய மார்பு. உங்கள் விஷயத்தில் இது நடக்கக் கூடாது.

ஒரு ராத்திரி, எல்லோரும் தூங்கிய பிறகு, உங்களையே கேட்டுப் பாருங்கள். இந்த எண்ணம் எப்போது வந்தது? அவர் டி.வி.யைப் பார்த்துக்கொண்டே சொன்ன ஒரு வார்த்தைக்குப் பிறகா? அவர் முன்னைப் போலப் பேசுவதில்லை, லேட்டாக வருகிறார் என்பதாலா? அப்படியென்றால் மருந்து வேண்டியது உங்கள் மார்புக்கு இல்லை. பையை வைத்துப் புருஷனைக் கட்டிப் போட முடியாது. தூக்கமில்லை, அழுகை வருகிறது, எதிலும் பிடிப்பில்லை என்றால் அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை எடுத்துக்கொண்ட பிறகு, கண்ணாடியில் தெரிகிற உருவமே வேறாகத் தெரியலாம்.

'யாரும் ஒண்ணும் சொல்லலை. அவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஆனா எனக்கு வேணும்' என்று, ஆறு மாதம் கழித்தும் அதே பதில் வருகிறதா? நல்லது, கூச்சப்படாமல் டாக்டரைப் பாருங்கள். பார்ப்பதால் ஆபரேஷன் செய்துதான் ஆக வேண்டும் என்று இல்லை. பியூட்டி பார்லர் சிபாரிசில் போகாமல், பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.ஹெச். அல்லது டி.என்.பி. படித்தவரா என்று பார்த்துப் போங்கள். ஒருவர் சொன்னதோடு நில்லாமல் இன்னொருவரையும் கேளுங்கள்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

1. எனக்குத் தேவை பையா, லிஃப்டா, இரண்டுமா? ஒன்றும் வேண்டாமா?
2. எந்தக் கம்பெனி பை? வழவழப்பா, சொரசொரப்பா?
3. கீறல் எங்கே? தழும்பு எப்படி இருக்கும்? நீங்கள் செய்தவர்களின் படங்களைக் காட்ட முடியுமா?
4. பால் சுரப்பு, காம்பின் உணர்ச்சி எப்படி ஆகும்?
5. மயக்க மருந்து டாக்டர் யார்? அவசரம் என்றால் அங்கே ஐ.சி.யூ. வசதி உண்டா?
6. உறை இறுகினால், பை கிழிந்தால் யார் பார்ப்பார்கள்? செலவு யாருடையது?
7. ஸ்கேன் எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை?
8. பின்னால் பையை எடுத்தால் மார்பு எப்படி இருக்கும்?

பையின் கம்பெனி, மாடல், சீரியல் நம்பர் எழுதிய கார்டைக் கேட்டு வாங்கி, ரேஷன் கார்டு மாதிரி பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பி.ஐ.பி. மாதிரி நாளைக்கு ஒரு செய்தி பேப்பரில் வந்தால், உங்களுக்கு வைத்தது எது என்று சொல்லப் போவது அந்தக் கார்டுதான். கேள்வி கேட்டதற்காக எரிச்சல்படும் டாக்டர் என்றால், கும்பிடு போட்டுவிட்டு எழுந்து வந்துவிடலாம்.

கடைசியாக ஒன்று. நீங்கள் கண்ணாடி முன்னால் நிற்கும்போது, கதவுக்கு அந்தப் பக்கம் உங்கள் மகளும் வளர்ந்துகொண்டிருக்கிறாள். தன் உடம்பை எப்படிப் பார்ப்பது என்பதை அவள் உங்களிடம்தான் கற்றுக்கொள்கிறாள். நீங்கள் ஆபரேஷன் செய்துகொண்டாலும் சரி, வேண்டாம் என்று விட்டாலும் சரி... "எங்கம்மா எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு, அவளே யோசிச்சு முடிவு பண்ணினா" என்று அவள் நாளைக்குச் சொல்ல வேண்டும்.

சரி, முகூர்த்தப் பிளவுஸ் என்ன ஆகிறது என்கிறீர்களா? டெய்லரிடம் கொடுங்கள். கையைக் கொஞ்சம் பிரித்து விட்டு, மார்பில் ஒரு பிடி பிடித்துக் கொடுப்பார். கொழுந்தனார் கல்யாணத்துக்கு அதுபோதும். மற்றதை நிதானமாக முடிவு பண்ணலாம்!